டெம் வரைபடத்தில் எங்கு பார்த்தாலும் ஒரு கோடி கெல்வின்: ஏஐஏ வெப்பநிலை மறுமொழியில் எங்கே தவறுகிறேன்?

நீலாம்பல்

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சூரியனைக் கண்காணிக்கும் எஸ்டிஓ விண்கலத்தின் ஏஐஏ என்ற புற ஊதாப் படக்கருவி 2014 நவம்பரில் எடுத்த படங்களை வைத்து, ஒரு சூரியப்புள்ளிக் கூட்டத்துக்கு மேலே உள்ள வளையங்களில் எந்த வெப்பநிலையில் எவ்வளவு பிளாஸ்மா (மின்னேறிய சூடான வாயு) இருக்கிறது என்று பார்க்கிறேன். அதாவது டெம் கணக்கு. 94, 131, 171, 193, 211, 335 ஆங்ஸ்ட்ராம் ஆகிய ஆறு அலைவரிசைகளையும் எடுத்துக்கொண்டேன், 304ஐ விட்டுவிட்டேன். சூரியத் தரவுக்கான சோலார்சாஃப்ட் மென்பொருளில் வெப்பநிலை மறுமொழி கேட்டபோது வந்ததை அப்படியே கணக்குக்குக் கொடுத்தேன்.

வளையங்களின் மையத்தில் 30 லட்சம் கெல்வின் பக்கம் உச்சி வருகிறது, அது சரி. ஆனால் ஒரு கோடி கெல்வின் பக்கம் இன்னொரு மேடும் கூடவே வருகிறது. மையத்தில் மட்டும் வந்தால் சந்தோஷமாக எழுதி அனுப்பியிருப்பேன். பக்கத்தில் எதுவும் நடக்காத அமைதியான திட்டிலும் அதே மேடு! அந்த நேரத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. அங்கே ஒரு கோடி கெல்வின் இருக்க வழியே இல்லை.

படங்களின் ஒளி அளவிலிருந்து டெமைப் பின்னோக்கிக் கணிக்கும், அதாவது தலைகீழாக்கும் நிரலை இரண்டு விதமாக மாற்றிப் பார்த்தேன். மேடு அசையவில்லை. ஆகவே அளவுத்திருத்தத்தில்தான் கோளாறு என்று சந்தேகம். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

இருட்டறை

நான் இந்தத் துறைக்குப் புதியவன், தவறாக இருந்தால் மன்னிக்கவும். வெப்பநிலை மறுமொழி என்றால் கேமரா சூடானால் படம் எப்படி மாறும் என்பதுதானே? விண்கலத்தில் கேமராவின் வெப்பநிலையைப் பதிவு செய்திருப்பார்களே, அதைப் பார்த்தீர்களா?

பழையகுறி

இருட்டறை, பெயர் அப்படித்தான் ஏமாற்றும். இங்கே வெப்பநிலை என்பது கேமராவுடையது இல்லை, சூரியனில் இருக்கும் பிளாஸ்மாவுடையது. "இந்த வெப்பநிலையில், இவ்வளவு பிளாஸ்மா பார்வைக்கோட்டில் இருந்தால், என் படத்தின் ஒரு பிக்சலில் நொடிக்கு எத்தனை எண்ணிக்கை ஏறும்?" இந்தக் கேள்விக்கான விடைதான் வெப்பநிலை மறுமொழி. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு வளைகோடு.

அந்த வளைகோடு எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் நீலாம்பலின் சிக்கலும் இருக்கிறது. பாதி கருவியிலிருந்து வருகிறது: முன்வடிகட்டி எவ்வளவு ஒளியை விடுகிறது, ஆடிகள் எவ்வளவைத் திருப்பி அனுப்புகின்றன, பின்வடிகட்டி, சிசிடி எனும் கேமராச் சில்லின் திறன், ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை எண்ணிக்கை. இவற்றையெல்லாம் பெருக்கினால் அலைநீள மறுமொழி. மீதிப் பாதி அணு இயற்பியல்: ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பிளாஸ்மா எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளிரும் என்பது. அதைப் பெரும்பாலோர் சியாண்டி தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறோம். இரண்டையும் ஒவ்வோர் அலைநீளத்திலும் பெருக்கிக் கூட்டினால் வெப்பநிலை மறுமொழி.

ஆக, கருவியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், தரவுத்தளத்தில் ஒரு நிறமாலைக் கோடு விடுபட்டிருந்தால் மறுமொழி தப்பாகத்தான் வரும். கருவியின் மேல் பழி போடும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும். கருவிக்காரர்களும் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்வார்கள்!

ஆறு அலைவரிசையிலும் முக்கியமாக இருப்பவை இரும்பின் அயனிகள். 171இல் இரும்பு 9, சுமார் 7 லட்சம் கெல்வின். 193இல் இரும்பு 12, 15 லட்சம் பக்கம். 211இல் இரும்பு 14, 20 லட்சம். 335இல் இரும்பு 16, 25 முதல் 30 லட்சம். 94இல் இரும்பு 18, 70 லட்சம். 131இல் இரும்பு 21, ஒரு கோடிக்கு மேல். (நிறமாலைக்காரர்கள் எண்ணும் முறையில் இரும்பு 18 என்றால் 17 எலக்ட்ரான் இழந்த இரும்பு. முதல்முறை கேட்பவர் எல்லோரும் ஒன்று பிசகுவார்கள், நானும் பிசகியிருக்கிறேன்.)

ஆனால் ஒரு அலைவரிசைக்கு ஒரு வெப்பநிலை என்று நினைத்தால் அங்கேதான் வழுக்கும். 131இல் இரும்பு 8 என்ற குளிர்ந்த அயனியும் ஒளிரும், 5 லட்சத்துக்கும் குறைவான வெப்பநிலையில். 193இல் பெரிய வெடிப்பு நேரத்தில் 2 கோடி கெல்வினில் இரும்பு 24 வந்து உட்காரும். 94இலும் 10 லட்சம் பக்கம் இரண்டாவது மேடு உண்டு. படத்தில் ஒரு இடம் 94இல் பளிச்சென்று இருப்பதால் மட்டும் அது சூடு என்று சொல்ல முடியாது.

அணில்வால்

நீலாம்பல் அக்கா, மூன்று கேள்வி. மறுமொழியைக் கேட்கும்போது தேதி கொடுத்தீர்களா? அதே விண்கலத்தில் இருக்கும் ஈவ் நிறமாலைமானியுடன் பொருத்தும் விருப்பத்தை இயக்கினீர்களா? 94க்கும் 131க்குமான அனுபவத் திருத்தத்தை, அதாவது அணுத் தரவில் விடுபட்ட ஒளியை ஈடுகட்டுவதை, இயக்கினீர்களா? மூன்றுமே தனித்தனியாகக் கேட்டால்தான் வரும். சும்மா கேட்டால் கருவி ஏவப்பட்ட காலத்து மறுமொழி வரும்.

அப்புறம், படங்களை வெளிப்பாட்டு நேரத்தால் வகுத்தீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், என் முதல் கணக்கில் நான் அதைத்தான் மறந்தேன்.

நீலாம்பல்

வெளிப்பாட்டு நேரத்தால் வகுத்துவிட்டேன். ஆனால் தேதி கொடுக்கவில்லை. மற்ற இரண்டையும் இயக்கவில்லை. அவை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. ஏவி நான்கைந்து வருடத்தில் அவ்வளவு மாறிவிடுமா?

கோணல்மானி

மாறும். சில அலைவரிசைகளில் பயங்கரமாக மாறும். நான் ஆடி, வடிகட்டி பக்கத்து ஆள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதீத புற ஊதா ஒளியை எல்லாமே விழுங்கும். கண்ணாடி விழுங்கும், காற்று விழுங்கும், ஆடிமேல் படியும் சில நானோமீட்டர் கரிப்படலமும் விழுங்கும். அதனால்தான் இந்தத் தொலைநோக்கிகளில் லென்ஸே கிடையாது. ஏஐஏவில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடியுடன் நான்கு தொலைநோக்கிகள். ஒவ்வொரு ஆடியிலும் பாதிக்கு ஒரு பூச்சு, மறுபாதிக்கு வேறு பூச்சு. 171, 193, 211, 131 ஆகியவற்றுக்கு மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறி அடுக்கியது. 94க்கு மாலிப்டினமும் இட்ரியமும். 304க்கும் 335க்கும் சிலிக்கான் கார்பைடும் சிலிக்கானும். ஒவ்வோர் அடுக்கும் சில நானோமீட்டர் தடிமன்தான். அடுக்கின் தடிமன் துளி பிசகினால் பட்டையின் நடு அலைநீளமே நகரும். அதனால்தான் ஒவ்வொரு ஆடியையும் சிங்க்ரோட்ரான் எனும் துகள் முடுக்கியின் ஒளியில் வைத்து அலைநீளம் அலைநீளமாக அளக்கிறார்கள். வடிகட்டிகள் அலுமினியம் அல்லது சிர்கோனியத் தகடுகள், கம்பிவலையில் தாங்கி நிற்பவை. விரலால் தொட்டால் போய்விடும்.

இவ்வளவு செய்தும், ஏவுவதற்கு முன்பான அளவுத்திருத்தத்தின் துல்லியம் சுமார் 25 சதவீதம் என்றுதான் ஏஐஏ குழு 2012 கட்டுரையில் சொன்னது. நேர்மையான எண். கூறுகளைத் தனித்தனியாக அளந்து பெருக்கும்போது பிழையும் சேர்ந்தே பெருகும்.

மேலே போன பிறகுதான் உண்மையான தொல்லை. விண்கலத்தின் பசை, பூச்சு, கம்பி உறை எல்லாம் வெற்றிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை விடும். அது ஒளிப்பாதையில் படியும், சூரியனின் புற ஊதா அதைக் கரியாகச் சுட்டு ஒட்டவைக்கும். 304 அலைவரிசை முதல் சில வருடங்களிலேயே பாதிக்கு மேல் உணர்திறனை இழந்தது. 335ம் கணிசமாக இறங்கியது. 171, 193 ஒப்பளவில் தப்பித்தன. எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் டெமின் வடிவம் கெடாது, உயரம் மட்டும் குறையும். ஒவ்வொன்றும் ஒரு விகிதத்தில் இறங்கியதுதான் வினை.

உங்கள் கணக்கில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 335 மங்கிவிட்டது, ஆனால் நிரலுக்கு அது தெரியாது. "335இல் இவ்வளவுதான் எண்ணிக்கையா, அப்படியானால் 30 லட்சம் கெல்வினில் பிளாஸ்மா குறைவு" என்று முடிவு செய்யும். மிச்சமாகும் 94 எண்ணிக்கையை எங்கே வைப்பது? சூட்டில் வைக்கும். மேடு பிறந்துவிட்டது.

இருட்டறைக்கு ஒன்று: நீங்கள் கேட்டது அவ்வளவு பொருத்தமில்லாத கேள்வி இல்லை. சிசிடியை உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்து வைக்கிறார்கள். குளிர்ந்த இடத்தில்தான் ஆவி முதலில் படியும். சோஹோ விண்கலத்தின் ஈஐடி படக்கருவியில் சிசிடியை அவ்வப்போது சூடேற்றி அந்தப் படிவை விரட்ட வேண்டியிருந்தது. ஹினோடே விண்கலத்தின் எக்ஸ்ஆர்டி எனும் எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியிலும் அப்படித்தான். சூடேற்றிய அடுத்த நாள் உணர்திறன் எகிறும், பிறகு மெல்ல இறங்கும். அந்தத் தரவின் கால வரைபடம் ரம்பப்பல் மாதிரி இருக்கும்.

இருட்டறை

நன்றி சார். அப்படியானால் விண்கலத்திலேயே ஒரு விளக்கை வைத்து தினமும் சரிபார்த்துக்கொள்ளலாமே?

பழையகுறி

ஈஐடியில் ஒரு விளக்கு இருந்தது, ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளி. சூரியப் படம் விழுந்து விழுந்து சிசிடி எங்கே எவ்வளவு தேய்ந்தது என்ற வரைபடத்தை அதிலிருந்து ஊகிக்க முடிந்தது. படிந்த கறை அதீத புற ஊதாவை எவ்வளவு விழுங்குகிறது என்பதை அது நேராகச் சொல்லாது. 100, 200 ஆங்ஸ்ட்ராமில் நிலையாக ஒளிரும், தானும் மங்காத ஒரு விளக்கு என்பது அவ்வளவு எளிதில் தூக்கிப் போகக்கூடிய சாமான் இல்லை. சூரியனையே விளக்காக்கலாம் என்றால் அதுவும் 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. மங்கியது சூரியனா கருவியா என்று எப்படிப் பிரிப்பது?

அதற்குத்தான் ராக்கெட். எஸ்டிஓவில் ஏஐஏவுடன் ஈவ் என்ற நிறமாலைமானியும் போகிறது. அது படம் எடுக்காது, சூரியன் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும். ஈவின் இரட்டைப் பிறவி ஒன்றைத் தரையில் சிங்க்ரோட்ரானில் அளவுத்திருத்தம் செய்து, ஒரு சிறு ராக்கெட்டில் ஏற்றி வளிமண்டலத்துக்கு மேலே சில நிமிடம் சூரியனைக் காட்டி, இறங்கியதும் மறுபடி தரையில் அளப்பார்கள். முதல் பறப்பு 2010 மே 3. அந்தச் சில நிமிடத்தில் கறைபடாத கருவி கண்டதும் மேலே ஈவ் கண்டதும் ஒப்பிடப்படுகின்றன. ஈவ் திருந்தியதும், அதன் நிறமாலையை ஏஐஏவின் அலைநீள மறுமொழியோடு பெருக்கினால் முழுச் சூரியனுக்கும் ஏஐஏ எவ்வளவு எண்ணியிருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். உண்மையில் எண்ணியதோடு வகுத்தால் கிடைப்பதுதான் நீங்கள் இயக்காமல் விட்ட அந்தப் பொருத்தம்.

ஒரு எச்சரிக்கை. ஈவில் 60 முதல் 370 ஆங்ஸ்ட்ராம் வரை அளந்த மெக்ஸ்-ஏ பகுதி 2014 மே 26 அன்று நின்றுபோனது. உங்கள் படங்கள் நவம்பர். அதாவது உங்கள் தேதிக்கு அன்றாட ஒப்பீடு கிடையாது. ராக்கெட் பறந்த நாட்களுக்கு நடுவே கோடு இழுத்துத்தான் திருத்துகிறார்கள். திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிழைப்பட்டையைத் தாராளமாக வையுங்கள் என்கிறேன்.

அணில்வால்

அந்த இடைவெளியை நிரப்ப 2021இல் ஒரு குழு நரம்பு வலைப்பின்னலைப் பழக்கியது. ஒரே இடம் வெவ்வேறு அலைவரிசைகளில் தெரியும் விதத்துக்குள் ஓர் உறவு இருக்கும், மங்கலின் அளவை அதிலிருந்தே ஊகிக்கலாம் என்பது யோசனை. ராக்கெட் பறக்காத நாளுக்கும் விடை தரும். ஆனால் அதைப் பழக்கியதே பழைய திருத்தப்பட்ட தரவில்தான், ஆகவே சுயேச்சையான சாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பைதானில் வேலை செய்பவர்களுக்கு: ஏஐஏபை தொகுப்பில் மங்கல் விகிதத்தைத் தேதி கொடுத்து எடுக்கலாம். படத்தை அதால் வகுத்துவிட்டு மறுமொழியையும் அந்தத் தேதிக்கு எடுத்தால் இருமுறை திருத்தியதாகும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும்.

நீலாம்பல்

எல்லோருக்கும் நன்றி. தேதியும் ஈவ் பொருத்தமும் கொடுத்து மறுபடி ஓட்டினேன். மையத்தில் சூட்டு மேடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, 30 லட்சத்து உச்சி உயர்ந்தது, கோணல்மானி சார் சொன்னபடியே. ஆனால் அமைதித் திட்டில் மேடு இன்னும் நிற்கிறது. கொஞ்சம் சின்னதாக, ஆனால் நிற்கிறது. அங்கே 335ஐ மட்டும் குற்றம் சொல்ல முடியாது போலிருக்கிறது.

அணில்வால்

அது 94இன் வேலை. பழையகுறி ஐயா சொன்ன விடுபட்ட கோடு இங்கேதான் வருகிறது. 94 பட்டைக்குள் இரும்பு 18 மட்டும் இல்லை. இரும்பு 10, இரும்பு 14 போன்ற 10, 20 லட்சம் கெல்வின் அயனிகளின் கோடுகளும் விழுகின்றன. ஏஐஏ மேலே போன காலத்துச் சியாண்டியில் அவற்றில் பல இல்லை. ஆகவே சாதாரண 10 லட்சம் கெல்வின் பிளாஸ்மா 94இல் சிந்தும் ஒளிக்கு மறுமொழியில் இடமே இருக்காது. நிரல் என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த ஒரே இடத்தில், சூட்டில், கொண்டுபோய் வைக்கும்.

ஒரு சுலபமான சோதனை உண்டு. ஆய்வாளர் டெல் சன்னா 2013இல் கொடுத்த சூத்திரம்: 94இன் எண்ணிக்கையிலிருந்து 211இன் எண்ணிக்கையை 120ஆல் வகுத்துக் கழியுங்கள், 171இன் எண்ணிக்கையை 450ஆல் வகுத்து அதையும் கழியுங்கள். மிஞ்சுவது ஏறத்தாழ இரும்பு 18. 211 இரும்பு 14க்குச் சாட்சி, 171 இரும்பு 10க்குப் பக்கத்து வீட்டுச் சாட்சி. தலைகீழாக்கல் எதுவும் வேண்டாம், மூன்று படம் போதும்.

கோணல்மானி

இது எனக்குப் பிடிக்காத இடம். சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். கருவியில் ஒவ்வொரு அடுக்கையும் சிங்க்ரோட்ரானில் அளந்துவிட்டு, கடைசியில் "விடை இப்படி வர வேண்டும், ஆகவே இங்கே இவ்வளவு கூட்டு" என்று மறுமொழியில் ஒரு மேட்டை ஒட்டவைப்பதை அளவுத்திருத்தம் என்று எப்படி அழைப்பது? அந்த அனுபவத் திருத்தத்தைத்தான் சொல்கிறேன்.

பழையகுறி

கோபம் எதற்கு. ஆனால் ஒட்டவைத்தது எங்கே என்று பாருங்கள். அலைநீள மறுமொழியில் யாரும் கை வைக்கவில்லை. உங்கள் அடுக்குகள் பத்திரமாக இருக்கின்றன. அணுத் தரவின் பக்கம் ஒளி குறைகிறது என்று ஈவின் நிறமாலை கண்ணெதிரே காட்டியது: கோடு இருக்கிறது, தரவுத்தளத்தில் இல்லை. அதை நிரப்பாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதுவும் தவறான முடிவு.

கோணல்மானி

நிரப்புங்கள். ஆனால் அடுத்த பதிப்புச் சியாண்டியில் அந்தக் கோடுகள் வந்த பிறகும் பழைய ஒட்டுத்துணியை எடுக்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஒரே ஒளி இரண்டு முறை எண்ணப்படும். 10 லட்சத்தில் 94 மறுமொழி வீங்கும், இந்த முறை உண்மையான இரும்பு 18ஐயே விழுங்கிவிடும். சூட்டு மேடு மறைந்தது என்று மகிழ்ச்சி வேறு.

அணில்வால்

இதில் கோணல்மானி சார் சொல்வது நூற்றுக்கு நூறு. 7.1ஆம் பதிப்பிலிருந்தே அந்தக் கோடுகள் சேர ஆரம்பித்துவிட்டன. எந்தப் பதிப்பில் உமிழ்வுக் கோப்பு தயாரானது என்று கோப்பின் தலைப்பிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் திருத்தத்தை இயக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அக்கா, சோதனையைப் போட்டுவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

நீலாம்பல்

போட்டேன். நொடிக்கு, ஒரு பிக்சலுக்கு. அமைதித் திட்டு: 94இல் 1.8, 211இல் 150, 171இல் 225. கழித்தால் 1.8 − 1.25 − 0.5 = 0.05. ஒன்றுமே இல்லை! வளைய மையம்: 94இல் 20, 211இல் 1200, 171இல் 900. கழித்தால் 20 − 10 − 2 = 8.

ஆக, திட்டில் இருந்த "ஒரு கோடி கெல்வின்" முழுக்க விடுபட்ட கோடுகள்தான். மையத்தில் 94இன் பாதிக்கு மேலும் அவைதான். மிச்சம் 8 உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கோணல்மானி

எத்தனை பிக்சலின் சராசரி?

நீலாம்பல்

ஒரு பிக்சல். 0.6 ஆர்க்நொடிக் கோண அகலம்.

கோணல்மானி

அப்படியானால் எடுத்துக்கொள்ளக்கூடாது. கணக்கு போடுங்கள். 94 ஆங்ஸ்ட்ராம் ஃபோட்டானின் ஆற்றல் 132 எலக்ட்ரான்வோல்ட். சிலிக்கானில் 3.65க்கு ஓர் எலக்ட்ரான் என்றால் 36 எலக்ட்ரான். ஏஐஏவில் சுமார் 18 எலக்ட்ரானுக்கு ஒரு எண்ணிக்கை. ஆக ஒரு ஃபோட்டானுக்கு 2 எண்ணிக்கை. (171இல் ஒன்றுக்குச் சற்று மேல், 335இல் அரை. எண்ணிக்கையை ஃபோட்டானாக நினைத்து வர்க்கமூலம் எடுப்பவர்கள் இங்கேதான் பிசகுவார்கள்.)

மையத்தில் நொடிக்கு 20, வெளிப்பாடு 2.9 நொடி. மொத்தம் 58 எண்ணிக்கை, அதாவது 29 ஃபோட்டான். அதன் ஏற்ற இறக்கம் 5.4 ஃபோட்டான், திருப்பி மாற்றினால் நொடிக்கு 3.7 எண்ணிக்கை. உங்கள் 8 என்பது 8 கூட்டல் கழித்தல் 3.7. அமைதித் திட்டில் இன்னும் மோசம்: 94இல் வந்ததே இரண்டு மூன்று ஃபோட்டான். அந்த 0.05இன் பிழை 1க்கும் மேல். விடை நல்லபடியாக வந்தது பாதி அதிர்ஷ்டம்.

4க்கு 4 பிக்சல் சேர்த்தால் பிழை கால்வாசியாகும். 12 நொடிக்கு ஒரு படம் வருகிறது, வளையம் நகராமல் இருக்கும்வரை பத்து படத்தைக் கூட்டுங்கள். இடப்பிரிப்பை நினைத்து அழ வேண்டாம், 94இல் அந்தப் பிரிப்பை நிரப்ப ஃபோட்டானே இல்லை.

இருட்டறை

இடையில் ஒரு கேள்வி. ஆதித்யா எல்1இல் சூட் என்ற புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறதே, அதன் வெப்பநிலை மறுமொழி எங்கே கிடைக்கும்? தேடினேன், காணவில்லை.

பழையகுறி

காணாததில் வியப்பில்லை. சூட் பார்ப்பது 2000 முதல் 4000 ஆங்ஸ்ட்ராம், 11 வடிகட்டிகளில். அந்த ஒளி சூரியனின் மேற்பரப்பிலிருந்தும் அதற்கு மேலுள்ள நிறமண்டலத்திலிருந்தும் வருகிறது. அங்கே ஒளி கிளம்பிய இடத்திலிருந்து நேராக வெளியே வருவதில்லை, வழியில் உறிஞ்சப்பட்டு, சிதறி, மறுபடி உமிழப்பட்டு வருகிறது. நாம் இங்கே பேசும் மறுமொழி என்பது "ஒளி தடையில்லாமல் வெளியேறும், ஆகவே பார்வைக்கோட்டில் உள்ளதையெல்லாம் கூட்டலாம்" என்ற அனுமானத்தில் நிற்பது. அது சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்குப் பொருந்தும். சூட் தொலைநோக்கிக்கும் ஏஐஏவின் 1600, 1700 ஆங்ஸ்ட்ராம் அலைவரிசைகளுக்கும் பொருந்தாது. அலைநீள மறுமொழி கேளுங்கள், அதுதான் பொருள் உள்ளது.

நீலாம்பல் 304ஐ விட்டதும் இதே காரணத்தால் சரி. அங்கே ஒளிர்வது ஹீலியம், அதுவும் இந்த அனுமானங்களுக்குக் கட்டுப்படாத பிராணி.

நீலாம்பல்

4க்கு 4 சேர்த்து, பத்து படத்தைக் கூட்டிவிட்டேன். திட்டில் இரும்பு 18 பூச்சியத்தோடு பொருந்துகிறது. மையத்தில் 7.4, பிழை மிகச் சிறிது. உமிழ்வுக் கோப்பின் தலைப்பையும் பார்த்தேன், கோடுகள் சேர்ந்த புதிய பதிப்பு, ஆகவே 94க்கான ஒட்டுத்துணியை இயக்கவில்லை. டெமை மறுபடி ஓட்டினேன். திட்டில் மேடு போய்விட்டது. மையத்தில் ஒரு கோடியில் நின்ற மேடு 60, 70 லட்சத்துக்கு வந்து, 30 லட்சத்து உச்சியைவிட மிகச் சிறிதாக இருக்கிறது.

தனிமச் செறிவை எப்படி எழுதுவது என்று ஒரு குழப்பம். கொரோனாச் செறிவா, மேற்பரப்புச் செறிவா?

பழையகுறி

எளிதில் அயனியாகும் தனிமங்கள் கொரோனாவில் மேற்பரப்பைவிட மூன்று நான்கு மடங்கு கூடுதலாக இருப்பதாகப் பல அளவீடுகள் உண்டு. இரும்பும் அதில் ஒன்று. உங்கள் ஆறு அலைவரிசையும் இரும்பை நம்பியே இருப்பதால், செறிவை மாற்றினால் ஆறும் ஏறத்தாழச் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். டெமின் வடிவம் பெரிதாக மாறாது, மொத்த அளவு மூன்று நான்கு மடங்கு மாறும். அதனால் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதாமல் மொத்த அளவைக் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை. சியாண்டிப் பதிப்பு, மறுமொழிக்குக் கொடுத்த தேதி, ஈவ் பொருத்தம் இருந்ததா, இவையும் அதே வரியில் போகட்டும். நான் மதிப்பிட வரும் கட்டுரைகளில் பாதியில் இந்த வரி இருப்பதில்லை.

வெடிப்பு நேரத்துப் படங்களை இதே முறையில் செய்யாதீர்கள். சியாண்டிக் கணக்கு அயனியாக்கச் சமநிலையை நம்புகிறது. திடீரென்று சூடேறும் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் உரிவதற்குள் வெப்பநிலை மாறிவிடும். அது தனிக் கதை.

கோணல்மானி

இன்னொன்று. பளிச்சென்ற வளையத்துக்குப் பக்கத்து மங்கலான இடங்களில், வடிகட்டியின் கம்பிவலையால் சிதறிய ஒளி வந்து விழும். வெடிப்புப் படங்களில் நட்சத்திரக் கதிர் மாதிரி கோடுகள் தெரியுமே, அதே சங்கதிதான் மெலிதாக எப்போதும் இருக்கிறது. திட்டைக் கொஞ்சம் தள்ளித் தேர்ந்தெடுங்கள், அல்லது சிதறலை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

நீலாம்பல்

திட்டை 100 ஆர்க்நொடி தள்ளி வைத்துப் பார்த்தேன், விடை மாறவில்லை. சிதறல் நீக்கத்தையும் ஒரு முறை செய்துவிடுகிறேன். மையத்தில் மிஞ்சிய 60, 70 லட்சத்தை உறுதி செய்ய ஹினோடேயின் எக்ஸ்ஆர்டி படம் அதே மணியில் ஒன்று கிடைத்திருக்கிறது. மிகச் சூடான பிளாஸ்மாவுக்கு ஏஐஏவைவிட அது நம்பகமானது என்கிறார்கள். அதன் மறுமொழியை ஏழாவது அலைவரிசையாகச் சேர்த்து இன்றிரவு ஓட்டுகிறேன்.

அணில்வால்

சேருங்கள் அக்கா. ஆனால் அதற்கும் தேதி கொடுங்கள். அதிலும் கறை உண்டு, சிசிடியைக் கடைசியாக எப்போது சூடேற்றினார்கள் என்பதைப் பொறுத்து மெல்லிய வடிகட்டிகளின் மறுமொழி மாறும்.

நீலாம்பல்

:) இந்த முறை தேதியைத்தான் முதலில் தட்டினேன்.